ஐந்தரை மாத மூப்பு

நூற்றுத் தொண்ணூற்றேழரை.
போன வருஷம் கிண்டியில் கதவடைத்தது
நூற்றுத் தொண்ணூற்றேழே முக்காலில்.
அதற்கு முந்தின வருஷம்
நூற்றுத் தொண்ணூற்றேழே காலில்.
நடுவில் நிற்கிறேன்,
பணகுடி விலக்கில் நிற்காத பஸ்ஸுக்குக்
கை நீட்டுகிறவள் மாதிரி.

பேப்பரில் வந்த பட்டியலைக் கத்தரித்து
கணக்கு நோட்டின் பின்னட்டையில் ஒட்டியிருக்கிறேன்.
இந்த வருஷம் கணக்குத் தாள் லேசு,
கட் ஆஃப் ஏறும் என்கிறார் வள்ளியூர் சார்.
வேதியியல் கஷ்டம், இறங்கும் என்கிறார்
அவரே, மறுநாள்.
மேலே உள்ளவர்களில் கொஞ்சம் பேர்
டாக்டருக்குப் போய்விடுவார்கள் என்று கழிக்கிறேன்.
போகாவிட்டால் என்று திரும்பக் கூட்டுகிறேன்.

ஆனிக் காற்று.
தகரத்தின் மேல் வைத்த கல்லெல்லாம் நடுங்குகிறது.
ராத்திரிக் காவலுக்குப் போகும் அப்பாவுக்கு
எந்தக் காற்றாடி எந்தச் சத்தம் போட்டால்
எவனுக்கு போன் பண்ண வேண்டும் என்று தெரியும்.
என் மார்க்கை மட்டும்
‘நல்ல மார்க்குதானம்மா?’ என்றே கேட்கிறார்.
நல்ல மார்க்குதான் அப்பா.
நல்லது போதுமா என்பதுதான் கணக்கு.

கனகமணிக்கும் அதே நூற்றுத் தொண்ணூற்றேழரை.
ஒரே பெஞ்சு, ஒரே டியூஷன்.
சார் தப்பாகப் போட்டுக் காட்டிய ஒரே தொகையீட்டில்
இருவரும் ஒரே ஒரு மார்க்கைத் தொலைத்தோம்.
கணக்கு சமம். இயற்பியல் சமம்.
நாலாவது பாடம்கூடச் சமம்.
விதிப் புத்தகம் சொல்கிறது:
எல்லாம் சமமென்றால் மூத்தவருக்கு முதலிடம்.
அதுவும் சமமென்றால்
கம்ப்யூட்டர் போடும் சமவாய்ப்பு எண்.

அவள் ஜூலை பத்தொன்பது.
நான் மே இருபத்தெட்டு.

மே இருபத்தெட்டில் நான் பிறக்கவில்லை.
அன்றைக்கு அம்மா
என்னை மூன்று மாசமாய் வயிற்றில் மறைத்துக்கொண்டு
சூளையில் மண் மிதித்திருப்பாள்.
பிறந்தது நவம்பரில்,
ஆறு ஊருக்குள் வந்த வாரம்,
ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில், மெழுகுவத்தி வெளிச்சத்தில்.
நாலரை வயசுப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு
‘வீட்ல பாத்துக்கிட ஆள் இல்ல சார்’ என்று அப்பா நிற்க,
பெரிய சார் தலை நிமிராமல்
ஒரு மே மாதத்தை எழுதிவிட்டார்.
பேனா மூடுவதற்குள் எனக்கு அஞ்சு வயசு.

கனகமணிக்குத் தெரியும்.
நவம்பர்தோறும் தேன்மிட்டாய் வாங்கித் தருகிறவள் அவள்தான்.
விண்ணப்பம் நிரப்பிய அன்று
என் கட்டத்தில் மே விழுவதைப் பார்த்தாள்.
‘ஏட்டி பேச்சி, எழுத்து கோட்டுக்கு வெளிய போவுது பாரு’
என்றாள். அவ்வளவுதான்.

பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளதைத்தான் எழுத வேண்டும்.
வேறெதை எழுதினாலும் செல்லாது.
இதை நாலு நாளாய்
எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கட் ஆஃப் முக்காலுக்கு மேலே போய்விட்டால்
ரெண்டு பேருக்கும் கிடையாது,
மேயும் ஜூலையும் ஒன்றாகிவிடும்.
அப்படியே ஆகட்டும் என்று
ஒரு நிமிஷம் நினைத்தேன்.
ஒரு நிமிஷம்தான்.
பிறகு மறுபடி பட்டியலை எடுத்து
கால், அரை, முக்கால் என்று விரல் வைத்தேன்.

இன்று சமவாய்ப்பு எண் வந்தது.
எங்களுக்குள் அதற்கு வேலையில்லை.
ஆனாலும் கனகமணி வெயிலில் சைக்கிள் மிதித்து வந்து
உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.
பத்து இலக்கம், ஒன்பதில் தொடங்குகிறது,
வேர்வையில் பாதி அழிந்திருந்தது.
‘பெரிய நம்பருக்குத்தான் முதல்லன்னு போட்டிருக்குல்லா?’
ஆமாம் என்றேன்.
என்னுடையது இரண்டில் தொடங்குகிறது. சொன்னேன்.
சிரித்தாள், நானும் சிரித்தேன்,
யார் முதலில் நிறுத்துவது என்று தெரியாமல்.

கிளம்பும்போது கேட்டாள்:
‘கவுன்சலிங்குக்கு ஒரே வண்டியில போவமாட்டி?’
ராத்திரி வண்டி பணகுடியில் நிற்காது,
வள்ளியூருக்குப் போய் ஏற வேண்டும்,
அங்கேயும் இரண்டே நிமிஷம்தான் நிற்கும் என்று
நான் நேரம் சொல்லிக்கொண்டிருந்தேன்.